விடுதி கட்டாயம் என்றால், எந்தத் தாளில்?

தருமபுரியில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆண்டு முழுவதும் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, காசோலை வழக்கு என்று ஓடும் என் அலுவலகத்தில் ஜூன் பிறந்ததும் வேறு முகங்கள் தென்படும். கையில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் சான்றிதழ், பக்கத்தில் பேசாமல் நிற்கும் ஒரு பிள்ளை. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "விடுதியில் சேர்ந்தால்தான் சீட் என்கிறார்கள். அப்படிச் சட்டம் இருக்கிறதா?"

சென்ற ஆண்டு வந்தவர் பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி. மகளுக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து கல்லூரி ஒன்பது கிலோமீட்டர். வாசலிலேயே நகரப் பேருந்து நிற்கும், பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனால் முதலாண்டு மாணவிகள் எல்லோரும் விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். முன்பணமாகப் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்திருந்தார். ரசீதை வாங்கிப் பார்த்தேன். கார்பன் பிரதி. தேதி இருந்தது, தொகை இருந்தது. எதற்கான பணம் என்ற இடத்தில் 'இதர' என்று மூன்று எழுத்து.

"கட்டாயம் என்று யார் சொன்னார்கள்?"

"பணம் கட்டுகிற இடத்தில் இருந்த அம்மா சொன்னார், சார்."

"எழுதிக் கொடுத்தார்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வக்கீலுக்கு உலகம் தெரியவில்லையே என்ற பரிதாபம் இருந்தது.

கல்லூரி மாணவர்கள் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. ஒழுங்குமுறை அமைப்புகளின் விதிகள் பெரும்பாலும் கல்லூரியைப் பார்த்துத்தான் பேசுகின்றன: விடுதி வைத்திரு, காப்பாளரை நியமி, பாதுகாப்பு கொடு என்று. கல்லூரி வசதி செய்து தர வேண்டும் என்ற கடமையை, மாணவர் அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்ற கடமையாகத் திருப்பிப் படிப்பதுதான் நடக்கிறது. இந்த வேறுபாட்டை ஒரே வரியில் காட்டும் விதி ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளின்படி, முதுநிலை மாணவர்களுக்குத் தங்குமிடம் தருவது கல்லூரிக்குக் கட்டாயம். அங்கே தங்குவது மாணவருக்குக் கட்டாயமில்லை. இரவும் பகலும் பணிக்கு ஓடும் மருத்துவருக்கே இப்படி என்றால், ஒன்பது மணி வகுப்புக்குப் பேருந்தில் வந்து போகும் பிள்ளையின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு கல்வி நிறுவனம் தன்னை உறைவிட நிறுவனமாகவே அமைத்துக்கொண்டு, அதைச் சேர்க்கைக்கு முன்பே அறிவித்திருந்தால் கதை வேறு. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகமாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவில் இது பரவலான வழக்கம். யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் முதல் நான்கு பருவங்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும். திருமணமானவர்களுக்கும் 21 வயது நிறைந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. அந்த நாட்டில் பல கல்லூரிகள், பக்கத்து ஊரில் பெற்றோருடன் இருக்கிற பிள்ளைக்கும் விலக்கு தருகின்றன. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல வரவில்லை. விதியும் எழுத்தில் இருக்கிறது, விலக்கும் எழுத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்துச் சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேர்ந்த பிறகு எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. அதேபோல, எழுதாத ஒன்றைக் கல்லூரியும் பிறகு நுழைக்க முடியாது.

அதற்கு நம் கையில் இருக்கும் ஆயுதம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள். சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாட்கள் முன்பே கட்டண விவரங்களுடன் தகவல் கையேட்டைக் கல்லூரி வெளியிட வேண்டும். அறிவித்த கட்டணத்துக்கு மேல் பணம் கேட்பது அந்த விதிமுறைகளின்படியே ஒரு குறை. குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மேலே குறைகேள் அதிகாரி இருக்கிறார். என்னிடம் வருகிற பெற்றோரில் கையேட்டைப் படித்துவிட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தக்காளி விவசாயியின் பையிலும் அது இருந்தது, பிரிக்காமல். பிரித்துப் பார்த்தேன். 'மாணவியருக்குத் தனி விடுதி வசதி உண்டு' என்று ஒரு படத்துக்குக் கீழே போட்டிருந்தது. அவ்வளவுதான். 'உண்டு' என்பது பணம் கட்டும் இடத்துக்கு வரும் வழியில் 'கட்டாயம்' ஆகிவிட்டது.

கல்லூரிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? கடன் வாங்கிக் கட்டிய கட்டடம் காலியாகக் கிடந்தால் வட்டி யார் கட்டுவது என்பது ஒரு காரணம். சுயநிதித் தொழிற்கல்லூரிகளின் கல்விக் கட்டணத்தை நிர்ணயிக்கக் குழு இருக்கிறது. விடுதிக் கணக்கு அந்தக் கட்டணத்தில் சேராது, அதனால் கை அந்தப் பக்கம் நீள்கிறது. இது என் கணிப்பு. ஆனால் எனக்குத் தெரிந்த முதல்வர் ஒருவர் சொன்னதையும் தள்ள முடியவில்லை: "ஐயா, அஞ்செட்டிப் பக்கத்துப் பையன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறான். முதல் வகுப்பில் தூங்குகிறான். முதல் பருவத்தில் மூன்று பாடம் போய்விட்டது." அந்தப் பையனுக்கு விடுதி தேவைதான்.

சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் நானே விடுதிக்காக வாதாடினேன். அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா விடுதிக்கு அனுப்ப மறுத்தார். தினமும் மலையிறங்கிப் போய் வரட்டும் என்றார். பெண்கள் பலர் பாதியில் நின்றுவிடுவது இப்படித்தான். அரசு நடத்தும் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது எட்டு கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மாணவியருக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது. இதைச் சொன்னதும் அவர் கேட்டது, "சாப்பாட்டுக்கும் காசில்லையா?" என்றுதான். மறுப்புக்குக் காரணம் மானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பணம்.

பணம் என்றதும் இன்னொன்று. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிப்பு வந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் இந்த ஒதுக்கீட்டில் போகிற பிள்ளைகள் நிறைய. ஆனாலும் 'இப்போதைக்குக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்' என்று விடுதிப் பணம் வாங்கிக்கொள்ளும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டிவிட்டு, எதற்காக வாங்குகிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

இனி, விடுதியில் சேரும்போது எழுதி வாங்குகிறார்களே, அந்த உறுதிமொழிப் பத்திரம். என் மேஜையில் இப்போதும் ஒன்று கிடக்கிறது. இருபது ரூபாய் முத்திரைத்தாள், தட்டச்சு, நடுவில் இரண்டு கோடிட்ட இடங்கள் காலி. தந்தை கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார், தேதி இல்லை. நான்காவது பத்தி: ஆண்டு நடுவில் விடுதியை விட்டு வெளியேறினால் முழு ஆண்டுக் கட்டணமும் செலுத்த வேண்டும், அதுவரை அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் வசம் இருக்கும். முதல் பாதியைப் பற்றி வாதாடலாம். இரண்டாம் பாதி நிற்காது. சான்றிதழ் என்பது பாக்கிக்கு ஈடாகப் பிடித்துவைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மானியக் குழுவின் 2018 அறிவிப்பிலும் இருக்கிறது. அந்த அறிவிப்பு படிப்பை விட்டே விலகுகிறவர்களுக்கு எவ்வளவு திரும்ப வரும் என்றும் சொல்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை, அதில் ஐந்து சதவீதம் வரை, அதிகபட்சம் ஐயாயிரம் பிடிக்கலாம். கடைசித் தேதி கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. காஷன் டெபாசிட் என்கிற காப்புத்தொகை மட்டும் எப்போது விலகினாலும் முழுதாக வர வேண்டும். படிப்பைத் தொடர்ந்துகொண்டு விடுதியை மட்டும் விடுகிறவருக்கு இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது. அவருக்கு விடுதியின் சொந்த விதிதான் பேசும். அதனால்தான் கையெழுத்துக்கு முன் அதைப் படியுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். காலி இடத்தில் கோடு கிழியுங்கள். தேதி போடுங்கள். ஒரு நகல் கேளுங்கள். நகல் தர மறுக்கிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விலக்குக் கடிதம் அரைப் பக்கம் போதும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் எவ்வளவு தூரம், எந்தப் பேருந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, 'விடுதி கட்டாயம் என்பது எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள். அப்படி விதி இல்லையெனில் டே ஸ்காலராக, அதாவது வீட்டிலிருந்து வந்து போகிறவராக, பதிவு செய்யுங்கள்' என்று முடித்துவிடலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபால், ரசீது பத்திரம். உண்மையான உடல்நலக் காரணம் இருந்தால் மருத்துவர் சான்றை இணைக்கலாம். ஆஸ்துமா என்று ஒரு சான்று வாங்கிவிடலாமா என்று கேட்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்களை எழுந்து போகச் சொல்லிவிடுவேன்.

டே ஸ்காலரா, விடுதி மாணவரா என்பது கல்வி உதவித்தொகைக்கும் முக்கியம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்குத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், தொழிற்படிப்புகள் அடங்கிய முதல் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், டே ஸ்காலருக்கு 7,000 ரூபாய். பிள்ளை வீட்டிலிருந்து போய் வருகிறது, பதிவில் விடுதி என்று இருக்கிறது என்றால் பின்னால் விசாரணை வரும்போது பதில் சொல்வது நீங்கள்.

வெளியே தனியார் விடுதியில் சேர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்கள் தங்கும் தனியார் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்வதில் வெட்கமில்லை. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பிள்ளைகளை அனுப்பி அங்கே பிஜி எனும் தனியார் தங்குமிடத்தில் விடுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது.

கையில் காசில்லை, வக்கீல் எதற்கு என்று நினைக்கிறவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவி உண்டு; மாணவியே தன் பெயரில் மனு கொடுக்கலாம்.

தக்காளி விவசாயியின் கடிதத்துக்குப் பதினொன்றாம் நாள் பதில் வந்தது. எந்த விதி என்று அதில் சொல்லவில்லை. டே ஸ்காலர் படிவம் ஒன்றை மட்டும் இணைத்திருந்தார்கள். முன்பணம் கல்விக் கட்டணத்தில் கழிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து நின்றார்.

"இப்போது கல்லூரி பஸ் கட்டாயம் என்கிறார்கள், சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அவரே எழுதியது, எழுத்துப் பிழைகளோடு. ஓரத்தில் கல்லூரியின் முத்திரையும் அன்றைய தேதியும் இருந்தன.