தகுதிகாண் காலத்து விரிவுரையாளருக்கு எந்தத் துணை தேவை?

திருகோணமலையில் இருந்துகொண்டு, பல்கலைக்கழகங்களில் புதிதாகப் பணியில் சேரும் விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி வழங்குவதும், அவர்கள் எழுதும் ஆய்வு முன்மொழிவுகளைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். என்னிடம் வருபவர்களுள் பெரும்பாலானோர் முதலில் கேட்பது ஆய்வு நிதி எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அது நியாயமான கேள்வி. ஆயினும் ஒரு விரிவுரையாளர் பணி தொடங்கிய முதற் சில ஆண்டுகளில் ஒரு சிறு தொகை உரிய பருவத்தில் கைக்கு வந்ததா, அதைப் பயன்படுத்தும் வழியை எடுத்துச் சொல்ல மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாரா, வகுப்பறையில் அந்த விரிவுரையாளர் கொட்டும் உழைப்பு எங்காவது பதிவு பெற்றதா என்ற மூன்றுமே அவருடைய பிற்கால ஆய்வு வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானிப்பதைக் கண்டு வருகிறேன். இம்மூன்றையும் ஒருசேரக் கவனிக்காமல் நிதியை மட்டும் கூட்டுவது போதாது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் நம் பல்கலைக்கழகங்களில், முதற்பட்டத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற ஒருவர் பெரும்பாலும் தகுதிகாண் விரிவுரையாளராகவே, அதாவது பதவி இன்னும் உறுதிப்படுத்தப்படாதவராகவே, சேர்கிறார். குறித்த காலத்துக்குள் அவர் ஆய்வு அடிப்படையிலான பட்டப்பின் பட்டம் ஒன்றைப் பெற வேண்டும். உயர்கல்வியில் கற்பித்தலுக்கான சான்றிதழ்ப் பயிற்சியை முடிக்க வேண்டும். இவற்றுக்கிடையே முழு நேரமாகக் கற்பிக்கவும் வேண்டும். சிறிய வளாகம் ஒன்றில், துறையைச் சேர்ந்த ஓரிருவர் கற்கை விடுமுறையில் வெளிநாடு சென்றுவிட்டால், அவர்களுடைய பாடங்களும் எஞ்சியிருப்பவர் தலையிலேயே விழும். ஆய்வுக்கு மிக அதிகமாக நேரம் தேவைப்படும் வயதிலேயே நேரம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

நிதியைப் பொறுத்தவரை, இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.1 சதவீதத்தை அண்டியே நீண்ட காலமாக இருந்து வருகிறது. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, அவரவர் பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆய்வு மானியம் ஆகியவையே பெரும்பாலானோர் நாடக்கூடிய வாயில்கள். 2017இல் உலக வங்கியின் 10 கோடி டொலர் நிதியுதவியுடன் தொடங்கிய உயர்கல்வி அபிவிருத்தித் திட்டம் போன்றவை ஆய்வுக்கும் இடம் கொடுத்தன. ஆனால் திட்டம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. கருவி வந்து சேர்ந்த பின்னர், அதை இயக்கத் தேவையான இரசாயனப் பொருளையும் பழுதுபார்ப்பையும் யார் பொறுப்பேற்பது என்ற கேள்விக்குத் திட்ட ஆவணத்தில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. 2022இல் டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, முந்திய ஆண்டில் ரூபாயில் கணக்கிட்டு அங்கீகாரம் பெற்ற மானியங்கள் பாதி வேலைக்கே போதுமாயின. ஆகவே முன்மொழிவு எழுதுபவர்களிடம், இறக்குமதிப் பொருளின் விலையை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்று, அது எத்திகதிக்குரிய விலை என்பதையும் வரவுசெலவுப் பக்கத்திலேயே குறிக்குமாறு நான் வற்புறுத்துகிறேன். விலை மாறிய பின்னர் திருத்தம் கோரும்போது இந்த ஒரு வரியே துணைக்கு வரும்.

கிழக்குக் கரையில் ஆய்வு செய்பவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு. கொழும்பிலிருந்து பார்க்கும்போது அது எளிதில் தெரியாது. அரச நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. நம் கடலோ ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரையே அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் புறாத்தீவின் பவளப்பாறைகளையோ கொட்டியாரக் குடாவின் கடற்புற்களையோ ஆராய்வதற்குப் படகு இறக்க முடியாது. முன்மொழிவைச் சனவரியில் கோரி, மே மாதத்தில் மதிப்பிட்டு, சூலையில் பணத்தை விடுவித்தால், ஆய்வாளருக்குக் கிடைப்பது இரண்டு மாதக் கடல்தான். அதற்குள் விலைமனு கோர வேண்டும், கொள்வனவுக் குழுவின் அனுமதி பெற வேண்டும், முற்பணம் எடுக்க வேண்டும். டிசம்பரில் செலவாகாத பணம் மீளப் பெறப்படும்போது, அறிக்கையில் அது ஆய்வாளரின் தாமதமாகவே பதிவாகும். நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளில் வெங்காயத் தோட்டக் கிணறுகளின் நீரை ஆராய்பவருக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். மழைக்கு முன்பும் பின்பும் மாதிரி எடுத்தால்தான் ஒப்பிட முடியும், அந்த இரண்டும் இருவேறு நிதியாண்டுகளில் விழுகின்றன. உள்ளக மானியத்தின் காலத்தைப் பதினெட்டு மாதங்களாக்கி, முதல் தவணையை ஏப்ரலுக்கு முன் விடுவிக்க ஒரு பல்கலைக்கழகம் தீர்மானித்தால், தொகையைக் கூட்டாமலே ஆய்வின் தரத்தை உயர்த்தலாம்.

இனி வழிகாட்டலைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் பல்கலைக்கழகங்களில் மிக எளிதாகத் தரக்கூடியதும் மிகக் குறைவாகத் தரப்படுவதும் இதுவே. வழிகாட்டி வேறு, பட்டப்பின் படிப்பின் மேற்பார்வையாளர் வேறு, துறைத்தலைவர் வேறு. மேற்பார்வையாளர் ஆய்வேட்டைப் பார்ப்பவர். துறைத்தலைவர் பாட நேரத்தையும் விடுமுறையையும் அங்கீகரிப்பவர். எந்தப் பணியை ஏற்பது, எதைப் பணிவாக மறுப்பது, நிராகரிப்புக் கடிதத்தை எப்படி வாசிப்பது என்பவற்றைத் தயக்கமின்றிக் கேட்பதற்கு, தன் பதவி உறுதிப்பாட்டில் கையெழுத்திடாத ஒரு மூத்தவர் இளம் விரிவுரையாளருக்குத் தேவை. ஆகவே வழிகாட்டியை வேறு துறையிலிருந்து தெரிவு செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஊரில் பொருத்தமானவர் இல்லாவிட்டால், மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருடன் சூம் வழியாக மாதம் ஒரு முறை பேசினாலும் போதும்; ஆண்டுக்கு ஒரு தடவையாவது நேரில் சந்திக்கப் பயணச் செலவை வழங்க வேண்டும்.

மூதூர்ப் பக்கக் குடிநீரைப் பற்றிய தன் முன்மொழிவு நிராகரிக்கப்பட்ட பின்னர் என்னிடம் வந்த விரிவுரையாளர் ஒருவர், ஆய்வையே விட்டுவிடும் மனநிலையில் இருந்தார். மதிப்பீட்டாளரின் குறிப்பை அவரோடு சேர்ந்து வரி வரியாக வாசித்தோம். ஆய்வுக் கேள்வியில் குறை சொல்லப்படவில்லை. மாதிரி எடுக்கும் இடங்களின் தெரிவுக்குக் காரணம் எழுதப்படவில்லை என்பதும், வரவுசெலவு செயற்திட்டத்தோடு பொருந்தவில்லை என்பதுமே ஆட்சேபங்கள். வீடுகளில் மக்களிடம் வினாக்கொத்தைக் கொடுக்க இருந்தும் அறநெறிக் குழுவின் அனுமதிக்கு அவர் விண்ணப்பித்திருக்கவில்லை. அதை முன்மொழிவுடன் சமகாலத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் அவருக்கு மானியம் கிடைத்தது. அவருக்குக் குறைந்திருந்தது அறிவோ உழைப்போ அன்று. அனுப்புவதற்கு முன் அந்தத் தாள்களை இன்னொருவர் ஒருமுறை வாசித்திருந்தால் ஓராண்டு வீணாகியிராது.

வழிகாட்டி இல்லாத இடத்தில் தரமற்ற ஆய்விதழ்கள் புகுந்துவிடுகின்றன. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு, ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் மனம் சாய்வது இயல்பு. எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ்களின் பொதுப் பட்டியலில் அந்த இதழ் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் பெயர் காணப்படுபவர் உண்மையில் அங்கம் வகிக்கிறாரா என்று பார்த்த பின்னரே கட்டுரையை அனுப்புங்கள். நல்ல இதழ்களிலும் பிரசுரக் கட்டணம் ஆயிரம் டொலரைத் தாண்டுவது வழக்கம். வருமானம் குறைந்த நாடுகளின் கட்டுரையாசிரியர்களுக்குப் பல பதிப்பகங்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில முற்றாக நீக்குகின்றன. ஆனால் கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போதே அதைக் கோர வேண்டும். ஏற்றுக்கொண்ட பின்னர் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கற்பித்தலுக்கான அங்கீகாரம் இவை எல்லாவற்றிலும் பின்தங்கி நிற்கிறது. பேராசிரியர் பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் கற்பித்தலுக்கும் இடம் உண்டு. ஆனால் ஆய்வுக் கட்டுரையை எண்ணிக் காட்டலாம். நல்ல கற்பித்தலை எதைக் கொண்டு காட்டுவது என்று எவரும் சொல்லித் தராததால், பலர் கற்பித்த பாடங்களின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நம் பகுதியில் இதன் இழப்பு பெரிது. உயர்தரம் வரை தமிழில் படித்து வந்த மாணவர், விஞ்ஞானத்தையோ முகாமைத்துவத்தையோ முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. சில வகுப்புகளில் சிங்கள மொழியில் படித்து வந்தவர்களும் சேர்ந்தே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இருமொழிச் சொற்பட்டியல் தயாரித்து, விரிவுரைக்கு முன் சுருக்கக் குறிப்புக் கொடுத்து, ஆய்வுகூட அறிக்கையை எழுதப் பழக்கும் விரிவுரையாளர்களை நான் அறிவேன். கிண்ணியாவிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் முதலாம் ஆண்டைக் கடப்பது இத்தகையோரால்தான். இந்த உழைப்பு பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒரு வரியாகவேனும் வராமல் போவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து, சிறந்த உயர்கல்வி ஆசிரியர்களைத் தேசிய மட்டத்தில் தெரிவு செய்து கௌரவிக்கும் திட்டம் நடைபெற்று வருகிறது. தங்கள் கற்பித்தலால் மாணவர் கற்றலில் ஏற்பட்ட மாற்றத்துக்கு அவர்கள் சான்று காட்ட வேண்டும். அத்தகைய சான்றுகளைச் சேர்த்து வைக்க நாம் எந்தத் தேசியத் திட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் நீங்கள் செய்த மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் திகதியிட்டு எழுதி வையுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மாணவர் எழுதிய விடைத்தாள்களின் மாதிரிகளைப் பெயர் நீக்கிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். சக விரிவுரையாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவருடைய அவதானிப்பை எழுத்தில் பெறுங்கள். பருவ இறுதி மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் நம்புவது போதாது. கடினமான பாடத்தை நேர்மையாகக் கற்பிப்பவருக்கு அதில் குறைந்த புள்ளி வருவதும் உண்டு.

நிருவாகத்தின் பக்கத்தில் ஒரு வேண்டுகோள். கூட்டங்களையும் பயிலரங்குகளையும் மாலை நான்கு மணிக்குப் பின் வைக்கும்போது, சிறு பிள்ளைகள் உள்ள பெண் விரிவுரையாளர்கள் முதலில் விடுபட்டுப் போகிறார்கள். வழிகாட்டல் தொடர்புகள் அமைவதும் பெரும்பாலும் அந்தக் கூட்டங்களில்தான். அவற்றை வேலை நேரத்துக்குள் கொண்டு வருவதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை. பீடச் சபையின் அடுத்த நாட்காட்டியைத் தயாரிக்கும்போதே பீடாதிபதிகள் இதைச் செய்துவிடலாம். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வழிகாட்டியின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் அறிவிக்கும் ஏற்பாட்டையும் அதே கூட்டத்தில் முன்வைக்கலாம்.