டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே கழிக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் தோட்டத்துப் பெரியவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். அப்படி வந்த ஒரு அம்மா, பல வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், டிக்கெட்டைப் பார்த்ததுமே கணக்குப் போட்டுவிட்டார். "ராத்திரி பதினொன்றரைக்கு ஏறுனா காலையில ஆறு மணிக்கு லண்டன். ஆறரை மணி நேரம்தானே தம்பி, தூங்கி எழுந்தா வந்துடும்."

வேலை அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். ஆறரை மணி நேரம்தானே என்று இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். நடுவானில் ஊசி போட வேண்டிய வேளை வந்தபோது மருந்து கையில் இல்லை. சர்க்கரை ஏறிப்போய் இறங்கியவரை மகள் நேராக மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர் நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 8 மணி நேரம். அந்த அம்மா போனது கோடையில். ஆறரையோடு ஏழைக் கூட்டினால் பதின்மூன்றரை மணி நேரம். திரும்பும்போது இரவு 9க்கு ஏறி மறுநாள் மாலை 5க்கு இறங்கினால் 20 மணி நேரம் என்று மலைக்க வேண்டாம். ஏழைக் கழித்தால் 13தான். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வருகிற பயணம் கொஞ்சம் குறையும்.

சென்னைக்கும் இதே கணக்குதான். இரண்டரை மணி நேர வித்தியாசம். காலை 10க்குப் புறப்பட்டு பதினொன்றரைக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், உட்கார்ந்திருப்பது 4 மணி நேரம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் கிட்டத்தட்ட ஒரு வாரம் கடலில் கிடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஒன்றுமே இல்லை.

கிலோமீட்டரை வைத்து நேரம் கணிப்பவர்களும் உண்டு. லண்டன் சுமார் 10,600 கிலோமீட்டர், மணிக்கு 900 என்று வகுத்தால் 12 மணி நேரம்கூட வராது. ஆனால் அந்தத் தூரம் உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். விமானம் அப்படியே போக முடியாது. உக்ரைன் வான்வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட நம் எம்எச்17 விமானத்தை இழந்த நமக்கு அந்த வலி தெரியும். 2022 பிப்ரவரியிலிருந்து அந்த நாட்டின் வான்வெளி முழுவதுமே பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது.

சரி, வீட்டு வாசலிலிருந்து எண்ணுவோம். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கு ஹைவேயில் 4 மணி நேரம், நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். ஆக, பிற்பகல் மூன்றரைக்கே கிளம்பியாக வேண்டும். லண்டனில் இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து மகள் வீடு சேரும்போது நம் கடிகாரத்தில் மறுநாள் மூன்றரை ஆகியிருக்கும். முழுசாக ஒரு நாள்.

அந்த 24 மணி நேரத்தைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டிகள் போகும் இடத்தில் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுவிடும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைந்து அடைக்கும் அபாயம் கூடும். அவ்வப்போது எழுந்து நடங்கள். அப்புறம், வீடு சேரும்வரை கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள்.

டிக்கெட் வேறு எங்கே எடுத்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.