லிங்க்ஸ்: எக்கர்த்திடல்

பொதுப் பூங்காவுக்குள் சூழலுக்குக் கேடில்லாத கோல்ஃப் திடல் போடலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் 'லிங்க்ஸ்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அந்த லிங்க் அல்ல இது. அது சங்கிலிக் கண்ணி. இது பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லிங்க்' என்று வழங்கிய வேறொரு சொல்; மேடு, உயர்ந்த நிலம் என்று பொருள். ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டுப் புல்வெளிக்கு அது பெயரானது. கடலையும் வயலையும் 'இணைப்பதால்' லிங்க்ஸ் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர் அதுவல்ல.

ஆக, லிங்க்ஸ் முதலில் நிலத்தின் பெயர்; அதன் மேல் அமைந்த கோல்ஃப் திடலுக்கு அது பின்னாளில் வந்த பெயர். உழவுக்கு உதவாத மணல், ஆடு மேய்கிற புல், காற்று குடைந்த குழிகள். ஆடுகள் குளிர்காற்றுக்கு ஒதுங்கிய பள்ளங்களே பின்னாளில் 'பங்கர்', அதாவது பந்துக்குத் தடையாக இருக்கும் மணற்குழி, ஆயின என்பார்கள். மணலில் மழைநீர் தேங்காது. குட்டையான முரட்டுப்புல் தானாகவே வளரும். புல்டோசர் இல்லாத காலத்தில் ஆட்டத்தை நிலத்துக்கு ஏற்ப வளைத்தார்களே தவிர, நிலத்தை ஆட்டத்துக்கு ஏற்ப வெட்டவில்லை.

இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள மணல்வெளியில் ஊராருக்கு உள்ள உரிமையை 1552ஆம் ஆண்டின் சாசனம் ஒன்று உறுதிசெய்தது. 22 குழிகளாக இருந்த ஆட்டம் 1764இல் 18 ஆனதும் அங்கேதான். இன்றும் அது பொது நிலம். அங்குள்ள 'ஓல்ட் கோர்ஸ்' என்ற பழைய திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்வெளியில் உலாவுகிறார்கள். பூங்காவும் திடலும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தமிழில் என்ன சொல்வது? கோல்ஃபுக்குக் 'குழிப்பந்தாட்டம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, நல்ல சொல். (கோல் கொண்டு ஆடுவதால் 'கோல்'தான் 'கோல்ஃப்' ஆயிற்று என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஒலி ஒத்துப்போவது சான்றாகாது.) லிங்க்ஸைக் 'கடற்கரை மைதானம்' என்று எழுதினால் மணலும் மேடும் காணாமல் போகின்றன. குமரி மாவட்டத்தில் காதில் விழும் 'தேரி' இதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் தேரி என்றதும் இங்கே மனத்தில் எழுவது முட்டம் பக்கத்துச் செம்மணல் மேடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. இரும்புத் துரு ஒவ்வொரு மணியிலும் படிந்து சிவப்பேறியிருக்கும். அலை ஒதுக்கிய மணல்மேட்டுக்குச் சங்க இலக்கியத்தில் 'எக்கர்' என்று தனிச்சொல்லே உண்டு. ஐங்குறுநூற்றின் ஞாழற்பத்துப் பாடல்கள் பத்தும் 'எக்கர் ஞாழல்' என்றே தொடங்குகின்றன. மாங்காயை எக்கிப் பறி என்கிறோமே, அந்த 'எக்கு' என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தால் எழும்பி நிற்கும் நிலம் என்ற பொருள் தெளிவாகிறது. ஹ்லிங்கின் பொருளும் அதுதானே. அதனால் லிங்க்ஸுக்கு என் தேர்வு 'எக்கர்த்திடல்'.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக சொத்தவிளைக் கடற்கரையில் போய்க் குழி தோண்டிவிட முடியாது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகக் கடுமையான காப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. அதற்குக் காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. ஆட்டுக்குளம்புபோல் பிளந்த இலையோடு மணலில் ஓடும் அடும்பங்கொடியைப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புல் பதித்தால் மேடு நிற்காது.

கரையை விட்டு உள்ளே வந்தால் வேறு சிக்கல். வெயில் நாட்டுத் திடல்களில் பரவலாகக் காணும் 'பெர்முடா கிராஸ்', நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். அதிலிருந்து கலப்பினங்களும் உருவாக்கியிருக்கிறார்கள். ஊர்ப்புல் என்பது நல்ல செய்தி. ஆனால் அருகுக்கு வெயில் வேண்டும், தென்னை நிழலில் சோம்பிப் போகும். புல்லுக்காகத் தென்னையை வெட்டுகிற திட்டத்துக்குப் பசுமை என்று பெயர் வைப்பதில் பொருளில்லை. 18 குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டியிருக்கும். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழும் இந்த மாவட்டத்தில் அதெல்லாம் பேச்சுக்குக்கூட ஒத்துவராது. குறைந்த தூரத்தில் அமைந்த ஒன்பது குழிகள், மரங்களுக்கு ஊடே வளைந்து போகும் பாதை, குழியைச் சுற்றியுள்ள வட்டத்தில் மட்டும் ஒட்ட வெட்டிய புல், மற்ற இடமெல்லாம் நிலம் தந்தபடி. பூங்கா தாங்குவது அவ்வளவுதான். உரமும் பூச்சிமருந்தும் மழையில் கரைந்து குளத்துக்குத்தான் போகும். இங்கே மழை இரண்டு பருவமும் உண்டு. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை என்பதைத் திட்டம் வரைகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

இப்படி உள்நாட்டில் அமைவதை 'லிங்க்ஸ்' என்று விளம்பரத் தாளில் போடுவது பிழை. அதைக் 'குழிப்பந்துத் திடல்' என்றாலே போதும். 'எக்கர்த்திடல்' கடல்மணல் மேட்டில் இருப்பதற்கு மட்டுமே பொருந்தும்.