ஒட்டுண்ணி: முதலில் ஒட்டு, அப்புறம் உண்

'பாரசைட்' என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'பாரா' என்றால் பக்கத்தில், 'சிட்டோஸ்' என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பக்கத்தில் அமர்ந்து அவர் சோற்றை உண்பவர் என்று பொருள். தொடக்கத்தில் இது கௌரவமான சொல்தான். கோயில் விருந்தில் பூசாரிகளோடு உண்ணும் உரிமை பெற்றவரைக் குறித்தது. பின்னால்தான் முகத்துதி பாடி வயிறு வளர்ப்பவர் என்று பொருள் இறங்கிவிட்டது.

தமிழில் ஒட்டுண்ணி. ஒட்டு + உண்ணி. தாவர உண்ணி, ஊன் உண்ணி என்பவற்றில் வரும் அதே உண்ணி. கிரேக்கச் சொல் பக்கத்தில் உட்காருவதோடு நின்றுவிட, நம் சொல் ஒட்டிக்கொள்வதையும் சேர்த்துச் சொல்கிறது. எனக்கு இதுதான் துல்லியமாகப் படுகிறது.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். 1995இல் இதன் மரபணுத்தொகை, அதாவது டி.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டது. டி.என்.ஏ.வின் எழுத்துகளான கார இணைகள் இதில் சுமார் 5.8 லட்சம்தான், நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம். அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கும் மரபணுக்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. அதனால் தன் உடலின் ஒரு முனையில் உள்ள புரதங்களால் நம் செல்மீது ஒட்டிக்கொள்கிறது. அமினோ அமிலங்களையும், தன் சவ்வுக்குத் தேவையான கொலஸ்டிராலையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் டி.என்.ஏ.வைக்கூட நொதிகளால் நறுக்கி, அந்தத் துண்டுகளை வைத்துத் தன் டி.என்.ஏ.வைக் கட்டுகிறது.

ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா ஒட்டுவதோடு நிற்பதில்லை, செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. அங்கே செல்லுக்கு ஆற்றல் தரும் 'அடினோசின் டிரைபாஸ்பேட்'டை உள்ளே இழுத்து, பதிலுக்கு அதன் செலவான வடிவமான 'அடினோசின் டைபாஸ்பேட்'டை வெளியே தள்ளுகிறது. சார்ஜ் ஏறிய பேட்டரியை எடுத்துக்கொண்டு தீர்ந்ததை வைத்துவிட்டுப் போவது மாதிரி. இதைச் செல்லக ஒட்டுண்ணி என்பது சரி.

ஆனால் மரபணுத்தொகை சுருங்கிய பாக்டீரியாவை எல்லாம் ஒட்டுண்ணி என்று எழுதிவிடக் கூடாது. அசுவினிப் பூச்சிக்குள் வாழும் புக்னெராவுக்குச் சுமார் 6.4 லட்சம் கார இணைகள்தான். பூச்சியிடம் உணவு வாங்குகிறது. ஆனால் செடிச் சாற்றில் போதிய அளவு கிடைக்காத அமினோ அமிலங்களைத் தயாரித்துத் திருப்பிக் கொடுக்கிறது. 'எண்டோசிம்பயன்ட்' என்கிற இதற்குப் பொருத்தமான சொல் அகக்கூட்டுயிரி. இந்தப் பாக்டீரியாவுக்கென்றே தனிச் செல்களை வளர்த்து வைத்திருக்கிறது அசுவினி. ஓம்புதல் என்றால் பேணிக் காத்தல். இடம் கொடுக்கும் உயிரைக் குறிக்கும் 'ஹோஸ்ட்' என்பதற்கு நாம் வைத்த ஓம்புயிரி என்ற சொல் முழுப் பொருளோடு உட்காருவது இங்கேதான்.