நடு ஒளியை விழுங்கும் நிறம்

நிறமற்ற குவார்ட்ஸ் துண்டு ஒன்றையும் அடர் ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) ஒன்றையும் ஒரு வேதியியலாளரிடம் கொடுத்தால், இரண்டும் சிலிக்கன் டை ஆக்சைடு என்றுதான் அவர் முதலில் சொல்வார். இரண்டின் கடினத்தன்மையும் மோஸ் அளவில் 7. அடர்த்தியை அளந்தாலும் வேறுபாடு பிடிபடாது. பத்து லட்சம் அணுக்களுக்குச் சில பத்து என்ற அளவில் இரும்பணுக்கள் கலந்திருப்பதும், அவற்றின்மீது நெடுங்காலம் கதிர்வீச்சு பட்டிருப்பதுமே ஒன்றை ஊதாவாக்கி மோதிரத்தில் ஏற்றி வைக்கின்றன.

ஊதாவுக்கு ஆடை உலகில் அவ்வப்போது நல்ல காலம் வருவதுண்டு. நிறங்களுக்குத் தர எண் வழங்கும் பான்டோன் நிறுவனம் தன் ‘ஆண்டின் நிறம்’ பட்டியலில் 2014, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தக் குடும்பத்து நிறம் ஒன்றையே முன்னிறுத்தியது. ஆடை மாறும்போது அதற்கு இணையான கல்லையும் மக்கள் தேடுவது இயல்பு. ஆயினும் துணியிலும் கல்லிலும் இந்த நிறத்தைப் பெறுவது சிவப்பையோ மஞ்சளையோ பெறுவது போல எளிதாக இருந்ததில்லை. அதற்கான காரணம் ஒளியிலேயே இருக்கிறது.

தமிழில் ஊதா என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு நிறங்களைக் குறிக்கிறோம். வானவில்லின் கடைசி விளிம்பில், ஏறத்தாழ 380 முதல் 430 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியாகத் தெரிவது ஒன்று. சிவப்பும் நீலமும் கலந்து உண்டாவது, கத்தரிப்பூ நிறம் என்றால் சட்டென்று புரிகிற மற்றொன்று. இந்த இரண்டாவது ஊதாவுக்கு என்று தனி அலைநீளம் எதுவும் கிடையாது. வெண்ணொளியை முப்பட்டகத்தின் வழியே எத்தனை முறை பிரித்தாலும் அது வந்து நிற்காது, ஏனெனில் அதன் கூறுகளான சிவப்பும் நீலமும் நிறமாலையின் இரு முனைகளில் எதிரெதிராக நிற்கின்றன. விழித்திரையில் நீண்ட அலைகளை உணரும் கூம்பு செல்களும் குறுகிய அலைகளை உணரும் கூம்பு செல்களும் ஒருங்கே தூண்டப்பட்டு, நடுப்பகுதியை உணரும் செல்கள் மட்டும் ஒப்பீட்டளவில் அமைதியாக இருந்தால், அந்த விசித்திரமான நிலையை மூளை ஊதா என்று படிக்கிறது.

ஆகவே ஒரு பொருள் ஊதாவாகத் தெரிய வேண்டுமானால், அது வெள்ளை ஒளியின் நடுவில் உள்ள பச்சையையும் அதை ஒட்டிய மஞ்சளையும் மட்டும் விழுங்கிவிட்டு, இரு முனைகளையும் தப்பவிட வேண்டும். சிவப்பாகத் தெரிய, சிவப்பைத் தவிர மற்றதை எல்லாம் விழுங்கினால் போதும். ஊதாவுக்கோ பசியிலும் ஒரு நிதானம் வேண்டும்.

செவ்வந்திக்கல் அந்த நிதானத்தைப் பெறும் விதம் வியப்பானது. எரிமலைக் குழம்பு குளிரும்போது அதற்குள் சிக்கிய வாயுக் குமிழிகள் பாறைக்குள் வெற்றிடங்களாக நின்றுவிடுகின்றன. பிரேசிலின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய உருகுவேயிலும் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய குழம்பில் இப்படி எண்ணற்ற குழிகள் உண்டாயின. சிலிக்கா, அதாவது சிலிக்கன் டை ஆக்சைடு, கரைந்த நீர் பின்னர் அவற்றுக்குள் ஊறி, சுவரில் இருந்து உள்நோக்கிப் படிகங்களை மெல்ல மெல்ல வளர்த்தது. அப்படி வளரும்போது சில இடங்களில் சிலிக்கன் அணு அமர வேண்டிய இருக்கையில் இரும்பணு வந்து அமர்ந்துகொண்டது. இதனால் மட்டும் கல் ஊதாவாகிவிடாது. சுற்றியுள்ள பாறையில் பொட்டாசியம் 40 போன்ற கதிரியக்க அணுக்கள் சிதைந்து காமா கதிர்களை ஓயாமல் உமிழ்கின்றன. அக்கதிர்கள் இரும்பு அமர்ந்துள்ள இடத்தில் இருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகின்றன. எலக்ட்ரானை இழந்த அந்த இடத்தை நிற மையம் என்பார்கள். 540 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை, அதாவது பச்சையின் நட்டநடுவை, அது உறிஞ்சுகிறது. மிஞ்சும் நீலமும் சிவப்பும் கல்லைக் கடந்து கண்ணை வந்தடைகின்றன.

பட்டை தீட்டிய செவ்வந்திக்கல் ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் இதன் தடயத்தை நாமே காணலாம். நிறம் ஒரே சீராகப் பரவியிருக்காது. நேர்கோட்டுப் பட்டைகளாகவோ கோணமாக மடிந்த வரிகளாகவோ ஒரு பக்கம் அடர்ந்தும் மறு பக்கம் வெளிறியும் கிடக்கும். படிகம் வளர்ந்த காலத்தில் அதன் எல்லா முகங்களும் இரும்பை ஒரே அளவில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே அந்த வரிகளின் பொருள். கைதேர்ந்த கல் வெட்டுபவர் அடர்ந்த பகுதி கல்லின் அடிமுனையில் வருமாறு வெட்டுவார். அங்கிருந்து எதிரொளிக்கும் ஒளி கல் முழுவதும் பரவி, மேலிருந்து பார்ப்பவருக்குச் சீரான நிறம் என்ற தோற்றத்தைத் தரும். எனக்கு என்னவோ அந்த வரிகள் தெரியும் கல்லே அழகாகப் படுகிறது.

பிடுங்கப்பட்ட எலக்ட்ரான் தன் இடத்துக்குத் திரும்பவும் முடியும். 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நிற மையங்கள் கலைந்து ஊதா மறைய, இரும்பின் மஞ்சள் நிறம் தலைகாட்டும். சிட்ரின் என்ற பெயரில் விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை இப்படிச் சூடாக்கிய செவ்வந்திக்கற்களே. நீண்ட நாள் கடும் வெயிலில் கிடந்தாலும் சில கற்கள் வெளிறிப்போகும். எனவே இவ்வகை நகையைச் சன்னலோரத்தில் போட்டு வைப்பது நல்லதன்று. பொலிவியாவின் அனாஹி சுரங்கத்தில் ஒரே படிகத்தில் ஒரு பாதி ஊதாவாகவும் மறு பாதி மஞ்சளாகவும் அமைந்த அமெட்ரின் கிடைக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் கற்களுக்கும் வழி இதுவே: இரும்பு கலந்த கரைசலில் உயர் அழுத்தத்தில் குவார்ட்ஸை வளர்த்து, காமா கதிர்களைக் காட்டினால் ஊதா பிறந்துவிடும். மண்ணுக்குள் மிக நெடுங்காலம் எடுக்கும் வேலை அங்கே விரைவில் முடிந்துவிடுகிறது.

எல்லா ஊதாக் கற்களும் இரும்பை நம்பியிருப்பதில்லை. 1967இல் தான்சானியாவின் மெரெலானி மலைப்பகுதியில் தெரியவந்த தான்சனைட்டுக்கு நிறம் தருவது வனேடியம். அக்கல்லைத் திருப்பத் திருப்ப ஒரு திசையில் நீலமும் மற்றொரு திசையில் ஊதாவும் தெரியும், ஏனெனில் படிகத்தின் வெவ்வேறு அச்சுகளில் அது வெவ்வேறு ஒளியை உறிஞ்சுகிறது.

துணியின் கதை இதைவிடப் பழையது. மத்தியதரைக் கடலோரத்துத் தீர் நகரம் முள்சங்கு வகைக் கடல் நத்தைகளில் இருந்து எடுத்த சாயத்தால் புகழ் பெற்றது. அந்தச் சாயத்தின் மூலக்கூறு, நீலச் சாயமான அவுரியின் மூலக்கூற்றில் இரண்டு புரோமின் அணுக்கள் ஒட்டிக்கொண்டது மட்டுமே. அவுரி ஆரஞ்சு-சிவப்புப் பகுதியை உறிஞ்சி நீலமாகத் தெரிகிறது. புரோமின் சேர்ந்ததும் உறிஞ்சும் இடம் மஞ்சளை நோக்கிச் சற்று நகர, சிவப்புக்கு வழி திறந்து நிறம் ஊதாவாகிறது. 1909இல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லெண்டர் இதன் அமைப்பைக் கண்டறிய 12,000 நத்தைகளைப் பிழிந்து பெற்றது 1.4 கிராம் சாயம்தான். அரசர்கள் இதைத் தங்களுக்கே வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

அந்த அருமையைக் குலைத்தவர் 18 வயது மாணவர் ஒருவர். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக உருவாக்க முயன்று, நிலக்கரித் தாரில் இருந்து எடுத்த அனிலினை ஆக்சிஜனேற்றம் செய்தார். கிடைத்தது கரிய கசடு. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது பட்டில் பற்றிக்கொள்ளும் ஊதாச் சாயம் வெளிப்பட்டது. அவருடைய அனிலின் தூயதாக இருந்திருந்தால் இந்தச் சாயம் கிடைத்திருக்காது. அதில் டொலுயிடின் என்ற வேறொரு வேதிப்பொருள் கலந்திருந்ததே காரணம். கல்லில் இரும்பு செய்ததைக் குடுவையில் இன்னொரு மாசு செய்திருக்கிறது. 1858இல் விக்டோரியா அரசி தம் மகளின் திருமணத்துக்கு மோவ் எனும் இந்த வகை ஊதாவில் உடுத்தி வர, அந்த நிறம் ஐரோப்பாவில் பெரும் மோகமாயிற்று.

ஊதா ஆடையைத் திரையில் பார்த்து வாங்கியவர்கள், வந்து சேர்ந்தது வேறு நிறம் என்று வருந்துவதும் இந்த நடு இடைவெளியால்தான். கேமராவின் நிற வடிகட்டிகள் நம் கூம்பு செல்களைப் போலவே ஒளியைப் பங்கிடுவதில்லை. எந்த ஒற்றை அலைநீளத்துக்கும் உரியதல்லாத நிறத்தில் சிவப்பின் பங்கு சற்றுக் குறைந்து பதிவானாலும் அது நீலமாகிவிடும். கல்லுக்கும் அதே நிலைதான். பழைய இழை பல்பின் கீழ் செந்நிறம் தூக்கலாகத் தெரியும் செவ்வந்திக்கல், பகல் வெளிச்சத்தில் நீலம் கலந்து தெரியும். கல் விழுங்கும் பச்சை மாறுவதில்லை. இரு முனைகளிலும் விளக்கு எவ்வளவு சிவப்பையும் எவ்வளவு நீலத்தையும் அனுப்புகிறது என்பதே மாறுகிறது. ஆகவே வாங்கும் முன் கல்லைக் கடை விளக்கின் கீழ் ஒரு முறையும், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது.