‘டிஸ்ட்ரெஸ்டு லெதர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

புதுத் தோல் ஜாக்கெட்டை உப்புத்தாளால் தேய்த்து, பத்து வருடம் போட்டுக் கழித்தது மாதிரி ஆக்கிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரெஸ்ஸிங்’ என்று பெயர். அப்படி ஆக்கியது ‘டிஸ்ட்ரெஸ்டு லெதர்’. அகராதியைப் பார்த்து அப்படியே பெயர்த்தால் ‘துயருற்ற தோல்’ என்று வரும். மாடு துயருற்றிருக்கலாம். சட்டைக்கு என்ன துயர்?

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டிஸ்ட்ரிங்கெரே’ என்றால் இரண்டு பக்கமும் இழுத்து இறுக்குவது. அது பழைய பிரெஞ்சு வழியாக, இக்கட்டு, நெருக்கடி என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. சட்டத்தில் இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டது: பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைப்பது. நம் நீதிமன்றங்களில் ‘டிஸ்ட்ரெஸ் வாரண்ட்’ என்று வருவது இதுதான், பேச்சில் ஜப்தி. நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘டிஸ்ட்ரிக்ட்’டும் இதே வேரில் முளைத்ததுதான், அதிகாரத்தின் பிடிக்குள் இருக்கும் நிலப்பரப்பு என்ற கணக்கில்.

மனிதருக்கு வந்த இக்கட்டு மரச்சாமானுக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். புது மேசையைச் சங்கிலியால் அடித்து வடு உண்டாக்கி, கூரான முனையால் குத்திச் செல்லரித்த துளைபோல ஆக்கி, பழம்பொருளின் சாயலைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஜீன்ஸ், அப்புறம் தோல். ஜீன்ஸ் கதையில் உண்மையான துயரும் உண்டு. மணலைப் பீய்ச்சி அடித்துத் துணியை வெளுக்கவைத்த தொழிலாளர்களின் நுரையீரலில் அந்தத் தூசி தங்கி சிலிக்கோசிஸ் நோய் வந்தது. துருக்கி 2009இல் அந்த முறையையே தடை செய்தது.

தோலில் இந்த வேலைக்குப் பெயர்போனது 1981இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தின் நாயகன் போட்டிருக்கும் பழுப்பு ஜாக்கெட். பாலைவனமெல்லாம் சுற்றிய ஆளின் உடுப்பு புத்தம்புதிதாக மின்னினால் யார் நம்புவார்கள்? ஆடை வடிவமைப்பாளர் டெபோரா நடூல்மன் பேனாக்கத்தியையும் கம்பித் தூரிகையையும் எடுத்து உட்கார்ந்து, அதைச் சுரண்டிப் பழசாக்கினார்.

வீட்டில் செய்கிறவர்கள் கைக்கொள்ளும் முறையும் கிட்டத்தட்ட அதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் மேல்பூச்சின் பளபளப்பு இறங்கும். சன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு 400 எண் உப்புத்தாள், போதாவிட்டால் இன்னும் சொரசொரப்பான 220. எதையும் முதலில் ஓரத்தின் உட்பக்கம் ஒரு விரலகலத்தில் செய்து பார்த்துக்கொள்வது நல்லது. கடைசியில் தோலுக்கான எண்ணெயோ கண்டிஷனரோ பூசாவிட்டால், ஆல்கஹாலில் வறண்ட தோல் வெடித்துப் போகும்.

பலரும் கோட்டைவிடும் இடம் முழங்கை. நிஜமாகவே பல வருடம் போட்ட கைப்பகுதியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். முழங்கை மடிப்பில் நாலைந்து வரிகள் குறுக்கே ஓடும். ஒவ்வொரு வரியின் மேடும் சாயம் போய் வெளிறியிருக்கும். பள்ளத்தில் பழைய நிறம் அப்படியே கிடக்கும். தட்டையாக மேசைமேல் விரித்துத் தேய்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றாக வெளுக்கும், பார்த்ததும் போலி என்று தெரிந்துவிடும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையை மடக்கி, எழும்பி நிற்கும் வரிகளை மட்டும் தேய்க்க வேண்டும். நான் இதைக் கற்றது ஜாக்கெட்டின் ஒரு கையைப் பாழாக்கிய பிறகு. போதாக்குறைக்குப் பையோரத் தையலிலும் உப்புத்தாள் பட்டு நூல் அறுந்தது. தைக்கக் கொண்டுபோனபோது அந்தப் பெரியவர் கேட்டார்: “எலி கடிச்சுதா சார்?”

சரி, தமிழுக்கு வருவோம்.

‘நைந்த தோல்’ என்றால் கிழியப்போகிறது என்று அர்த்தம். ‘சாயம் போன’ என்பது நிறத்தோடு நின்றுவிடுகிறது. ‘பதப்படுத்திய’ என்று எழுதினால் தவறு. அது ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பச்சைத்தோலைக் கெடாமல் ஆக்கும் வேலை. ‘செயற்கை முதுமையூட்டப்பட்ட’ என்று ஒருவர் எழுதிப் பார்த்தேன், மருந்துப் புட்டியின் மேல்சீட்டு போல இருந்தது. ‘பழசாக்கிய’ பரவாயில்லை, பேச்சுக்குப் போதும்.

எனக்குப் பிடித்தது ‘பழக்கிய தோல்’. பழமை, பழைய, பழகு, பழக்கம் எல்லாம் ஒரே வேர். தமிழில் பழையதாவதும் நெருக்கமாவதும் அடுத்தடுத்த வீடுகள். திருக்குறளில் ‘பழைமை’ என்ற அதிகாரம் பேசுவது நெடுநாள் நட்பின் உரிமையைத்தான். புதுச் செருப்பு கடிக்கும், பழகினால் கடிக்காது. காளையை வண்டிக்குப் பழக்குவோம். பழகுவது தானாக நடப்பது, பழக்குவது நாம் செய்வது.

இந்த இடத்தில் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் தானாகப் பழசானதற்கு ஒரு சொல், வேண்டுமென்றே ஆக்கியதற்குக் கடன் வாங்கிய இன்னொரு சொல். தமிழில் தன்வினை, பிறவினை என்று ஓரெழுத்து மாற்றத்தில் முடிந்துவிடும். தேய்ந்தது, தேய்த்தது. மடிந்தது, மடித்தது. கசங்கியது, கசக்கியது. அதே வழியில், இருபது வருடம் ஒருவர் தோளில் கிடந்தது பழகிய தோல். கடையிலோ வீட்டிலோ தேய்த்து ஆக்கியது பழக்கிய தோல். விற்பவர் அந்த ஒரு ‘க்’கை விட்டுவிட்டால் விலை ஏறிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

தானாக வரும் அந்த மெருகை ஆங்கிலத்தில் ‘பட்டினா’ என்பார்கள். செம்பில் படியும் பச்சைக்கும் அவர்களுக்கு அதே பெயர்தான். நாம் அதைக் களிம்பு என்று சொல்லிப் புளி போட்டுத் தேய்த்துவிடுவோம், ஆகவே அந்தச் சொல் இங்கே உதவாது. ஜப்பானில் ‘சாஷின்’ என்றொரு சொல் உண்டு, தேயிலை உள்ளீடு என்று பொருள். கறுப்புப் பூச்சுக்கு அடியில் பழுப்புத் தோல். மேலே தேயத் தேய உள்ளே தேநீர் நிறம் எட்டிப்பார்க்கும். இதை ‘உட்பழுப்பு’ என்று எழுதலாம்.

ஜாக்கெட்? தமிழ்நாட்டில் அது ரவிக்கை. ‘பழக்கிய தோல் ஜாக்கெட்’ என்றால் கேட்பவர் ஒரு நொடி திகைப்பார். ‘தோல் மேற்சட்டை’ குழப்பமில்லாதது. ‘தோல்சட்டை’ இன்னும் எளிது.

ரெக்சினுக்கு இந்தச் சொல் எதுவும் பொருந்தாது. தேய்த்தால் அது பழகாது, செதில் செதிலாக உரிந்து அடித்துணிதான் தெரியும்.