கூலியில் பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்க

பெயின்டர் ஒருவர் கம்பெனிக் கட்டடத்தில் 4 லட்ச ரூபாய்க்கு வேலை எடுத்தார். கைக்கு வந்தது 3 லட்சத்து 20 ஆயிரம். மிச்சத்தைக் கேட்டால், "டிடிஎஸ் போயிடுச்சு, கவர்மென்ட்ல கேளுங்க" என்றார்களாம். டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. பிடிக்க வேண்டியது 1 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். பான் நம்பர் கொடுக்காததால் 20 சதவீதம் பிடித்துவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான். வேலைக்கு முன்பே அதைச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

கம்பெனி கொடுக்கும் ஒரே பில் 30,000 ரூபாயையோ, வருஷ மொத்தம் 1 லட்சத்தையோ தாண்டினால் இந்தப் பிடித்தம் உண்டு. ஆள் வைத்து கான்ட்ராக்ட் எடுப்பவர் கணக்குப் புத்தகம் வைக்காமலேயே, ரொக்க வரவில் 8 சதவீதத்தையும் பேங்க் வழி வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். மிஞ்சியது அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். இப்படிப் பார்த்தால் பலருக்கு வரியே வராது. பிடித்தது முழுக்கத் திரும்ப வரவேண்டிய பணம்.

ஆனால் தானாக வராது. "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு டிவியில சொன்னாங்களே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?" என்று கேட்டே பலர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். வருமானக் கணக்கை வரித்துறைக்குக் காட்டும் ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட்.

பான் இருந்தும் ஆதாரோடு இணைக்கவில்லை என்றால் அதே 20 சதவீதம்தான். இணைக்கப் போனால் இனிஷியல் தகராறு. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பானில் அப்பா பெயர் முழுசாக. ஆதார் சென்டரில் பானை மாற்றச் சொல்வார்கள், பான் ஏஜென்ட் ஆதாரை மாற்றச் சொல்வார். எதில் தப்போ அதை மட்டும் திருத்துங்கள், இரண்டிலும் கை வைத்தால் பேங்க் பாஸ்புக்கும் சேர்ந்து பொருந்தாமல் போகும். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் வேறு.

அடுத்த சிக்கல், கம்பெனி பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டாமலே விடுவது, அல்லது வேறொருவர் பானில் ஏற்றிவிடுவது. வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ், அதாவது உங்கள் பானில் ஏறிய பிடித்தங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாவிட்டால் வரி ஆபீசுக்கு அலைந்து பிரயோஜனம் இல்லை, பிடித்தவரைத்தான் கேட்கச் சொல்வார்கள். அவரோ ஆடிட்டரைக் கை காட்டுவார். டிடிஎஸ் சர்டிபிகேட் கொடுங்கள், இல்லையென்றால் கரெக்‌ஷன் ரிட்டர்ன், அதாவது திருத்திய டிடிஎஸ் கணக்கு, போடுங்கள் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை.

இன்னொரு ஆபத்து, "நான் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், கமிஷன் குடுங்க" என்று வருபவர். இல்லாத இன்சூரன்ஸ், இல்லாத நன்கொடை என்று எழுதித் தள்ளுவார். நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. அதுவும் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் இணையதளத்தில் அவர் கொடுத்திருப்பது தன் செல் நம்பரை. எந்த பிரவுசிங் சென்டரில் போட்டாலும் நம்பரும் இமெயிலும் உங்களுடையதா என்று திரையில் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். போட்டபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து வெரிஃபை செய்யாவிட்டால், போட்டதே கணக்கில் வராது. ரீஃபண்ட் வரவேண்டிய பேங்க் கணக்கையும் அந்த இணையதளத்திலேயே வேலிடேட் செய்ய (சரிபார்த்து உறுதி செய்ய) வேண்டும்.

ரிட்டர்ன் போடும் கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரை போடலாம். அதற்குமேல் ரீஃபண்ட் கேட்பது பெரும்பாடு.

அந்தப் பெயின்டர் ஆதாரை வைத்து இ-பான் எடுத்துவிட்டார், பைசா செலவில்லை. பிடித்த பணத்தை அந்த பானில் ஏற்றச் சொல்லி கம்பெனிக்கு மூன்று முறை போய் வந்துவிட்டார். "அந்தக் குவார்ட்டர் (மூன்று மாத டிடிஎஸ் கணக்கு) முடிஞ்சிடுச்சு" என்கிறார்கள். முடிந்தாலும் திருத்தலாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.